பட்டியலில் அடுத்த பெயர் இரினா

போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தோம். திரையில் ஒரு பெரிய மண்டபம் தெரிந்தது. அங்கே உட்கார்ந்திருந்த யாரோ ஓர் எம்.பி. தன் கைப்பேசியிலேயே நேரலை விட்டுக்கொண்டிருந்தார். அவர் கை ஆட, மண்டபமும் ஆடியது.

சோஃபியா பள்ளியிலிருந்து வந்த கோலத்திலேயே, ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பத்து வயது. எங்கள் சமையலறையில் உக்ரைனிய மொழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"இது இல்லை," என்றாள். "இது ஏதோ வரி."

தர்ஷினி அரை நாள் லீவு போட்டிருந்தாள். எனக்கு வீட்டிலிருந்து வேலை. மடிக்கணினியில் ஒரு மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது, மைக்கை அணைத்திருந்தேன். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்து, கருகிய புளி வாசனை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அன்று அந்தச் சபை, உக்ரைன் நாடாளுமன்றம், சம்மதித்து வாக்களித்தால் சோஃபியாவின் அம்மா இரினா கீவிலிருந்து கிளம்பி ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் வால்டோர்ஃபுக்கு வரலாம். சம்மதிக்காவிட்டால் வர முடியாது. நாங்கள் காத்திருந்தது இதற்குத்தான்.

ஒருவர் எம்.பி. பதவியை விட்டு விலக மற்ற எம்.பி.க்கள் ஓட்டுப் போட வேண்டும் என்று ஒரு விதி உலகத்தில் இருப்பதே எனக்கு அந்த வருடம்தான் தெரியவந்தது. தெரிந்தபோது கிடைத்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் இங்குள்ள குப்பைத் தொட்டிகளின் நிறங்களைப் பற்றி எழுதினேன். சிரித்ததாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். இந்த வாரம் மன்னிக்க வேண்டும்.

காபி மெஷின் பக்கத்தில்

இரினா என் டீமில் இருந்தாள். அவள் டேட்டாபேஸ், நான் டெஸ்டிங். அவள் கட்டுவதை உடைத்துப் பார்ப்பது என் வேலை என்பதால் எங்களுக்குள் தினமும் சண்டை வரும். மதியம் சேர்ந்துதான் சாப்பிடுவோம். என் எலுமிச்சைச் சாதத்துக்கு அவள் வைத்த பெயர் 'மஞ்சள் சமாதானம்'. நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

ஒரு குளிர்காலக் காலை. காபி மெஷின் அருகில் நின்றிருந்தோம். அவள் போன் அடித்தது. எடுத்தாள், கேட்டாள். பிறகு கையிலிருந்த கோப்பையை மேசையில் வைப்பதுபோல விட்டாள். அங்கே மேசை இல்லை.

காபி என் காலணியில் தெறித்தது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"உமா, ஒலேனா செத்துட்டா," என்றாள். மூச்சு விடாமல் அடுத்ததையும் சொன்னாள். "அதனால நான் இப்போ எம்.பி."

துக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்றுதான் நினைத்தேன். டிஷ்யூவை உருவி உருவித் தரையைத் துடைத்தேன். துடைத்து முடிப்பதற்குள் இரண்டாவது அழைப்பு வந்தது. தேர்தல் ஆணையத்திலிருந்து. பதவியை ஏற்கிறீர்களா இல்லையா என்று எழுத்தில் தெரிவிக்கச் சொன்னார்கள்.

ஒரு பெண் பெயர் தேவைப்பட்டது

ஒலேனா அவளுடைய கல்லூரித் தோழி. போருக்கு முந்தைய தேர்தலில் ஒரு புதுக் கட்சியில் சேர்ந்தாள். அங்கே பாதி இடங்களுக்குக் கட்சிக்குத்தான் ஓட்டு. கட்சி முன்கூட்டியே ஒரு பெயர்ப் பட்டியல் கொடுக்கும். வாங்கிய ஓட்டுக்கு ஏற்ப, மேலிருந்து அத்தனை பேர் உள்ளே போவார்கள். பட்டியலில் பெண்களும் இருந்தாக வேண்டும் என்று சட்டம்.

கட்சியிடம் போதுமான பெண்கள் இல்லை. ஒலேனா இரினாவை ஒரு காபிக் கடைக்கு வரச் சொல்லி, "சும்மா ஒரு பேரு, வால்ல போடுறோம், உன் நம்பர் வர்றதுக்குள்ள உலகமே அழிஞ்சிடும்," என்று கையெழுத்து வாங்கினாள். அன்று சாப்பிட்ட செர்ரி கேக் நன்றாக இருந்தது என்பதுதான் இரினாவுக்கு அதைப் பற்றி இருந்த ஒரே ஞாபகம்.

ஒலேனா உள்ளே போனாள். இரினா தன் கம்பெனிக்குப் போனாள். பிறகு போர் வந்தது. மகளை அழைத்துக்கொண்டு, ஒரு முதுகுப்பையோடு பஸ் ஏறி இங்கே வந்து சேர்ந்தாள். கணவர் அதற்கு வெகு முன்பே பிரிந்து கனடா போய்விட்டார்.

அங்கே பட்டியல் மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. போர்ச்சட்டம் இருக்கும்வரை தேர்தல் கிடையாது. யாராவது போனால் பழைய பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். சிலர் மந்திரி ஆகிச் சபையை விட்டார்கள். சிலர் பட்டாளத்துக்குப் போனார்கள். சிலர் கூப்பிட்டும் வரவில்லை. ஒலேனாவின் தலையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தபோது, மேலே இருந்த எல்லாப் பெயர்களும் தீர்ந்துபோயிருந்தன.

"குண்டு இல்ல, ஒண்ணும் இல்ல," என்று இரினா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பல் தேய்ச்சுக்கிட்டிருந்தாளாம்." அந்த ஊரில் ஒருவர் சாதாரணமாகச் சாக முடியும் என்பதையே அவளால் நம்ப முடியவில்லை.

எஸ்கார்ட் கார் வந்துச்சா?

நாமக்கல்லில் இருக்கும் என் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எம்.பி.யா? உன் வீட்ல சாம்பார் சாதம் சாப்பிட்டுச்சே அந்தப் பொண்ணா?"

"ஆமாம்மா."

"எஸ்கார்ட் கார் வந்துச்சா?"

வரவில்லை. இரினா அன்றும் சைக்கிளில்தான் வீட்டுக்குப் போனாள். வழியில் தள்ளுபடியில் இருந்த டாய்லெட் பேப்பர் கட்டு ஒன்றை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போனாள்.

எனக்குத் தெரிந்த ஒரே எம்.பி. எங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு வந்தவர். மதியத்திலிருந்து வெயிலில் நிற்க வைத்தார்கள். பொழுது சாய்ந்து வந்தார், மைக்கைத் தட்டினார், என் கையிலிருந்த ரோஜாவை வாங்கி முகர்ந்துகூடப் பார்க்காமல் பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். அந்த வார்த்தைக்கு என் மனதில் இருந்த படம் அதுதான். டாய்லெட் பேப்பரோடு சைக்கிளில் போகிறவளை அந்தப் படத்துக்குள் என்னால் பொருத்தவே முடியவில்லை.

எங்கள் பிளான்

மறுப்பதற்கு ஒரு வரி எழுதினால் போதும். அடுத்த பெயர் இருந்தால் அதற்குப் போகும், இல்லாவிட்டால் இடம் காலி. இரினா மறுப்பாள் என்று நான் உறுதியாக நம்பினேன்.

அந்த ஞாயிறு சாயந்திரம் சோஃபியாவோடு எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தாள். தர்ஷினியும் இருந்தாள். தர்ஷினி என்னோடு தங்கியிருப்பவள். அப்பா அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். இவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இதே ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன். ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை. வாய் அதிகம்.

ஒலேனா ஒரு மசோதாவை எழுதி முடித்திருந்தாள். போரில் காணாமல் போனவர்களுக்கு ஒரே பதிவேடு. இப்போது பட்டாளத்திடம் ஒரு கணக்கு, போலீசிடம் ஒரு கணக்கு, சவக்கிடங்குகளில் வேறொன்று. ஒன்றோடொன்று பேசாது. குடும்பங்கள் வாசல் வாசலாக அலைகின்றன. மசோதா வாக்கெடுப்புக்கு வரப்போகிறது, ஆனால் சபையில் ஓட்டு இழுபறி. இரினா ஒருமுறை போய் அதற்கு ஓட்டுப் போட்டுவிட்டு வர விரும்பினாள். பதவியேற்பு, அந்த ஓட்டு, உடனே ராஜினாமா. சில வாரங்கள்தான். அதுவரை சோஃபியாவை நாங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா?

நான் பதில் சொல்வதற்குள் தர்ஷினி தமிழில் வெடித்தாள். அவர்களுக்குப் புரியாது என்ற தைரியம்.

"உங்கட சிநேகிதிக்கு விசரே அக்கா? பிள்ளையை விட்டிட்டு சண்டைக்குள்ள போகப்போறாவாம். ஆற்ற பிள்ளையை ஆர் பாக்கிறது? என்னால ஏலாது."

"மெதுவா பேசு. சில வாரம்தானே."

"சில வாரம் எண்டுதான் எல்லாரும் சொல்லுறவை. எங்கட அப்பாவும் அம்மாட்ட அப்பிடித்தான் சொல்லிப்போட்டு வந்தவர்."

இரினாவுக்கு மொழி புரியாவிட்டாலும் தொனி புரிந்தது. முகம் சிவந்து, பையை எடுத்தாள். கிளம்பும்போது தர்ஷினி ஜெர்மனில் அவளை ஒரு கேள்வி கேட்டாள். அந்தப் பதிவேட்டில் எந்தக் காலத்தில் காணாமல் போனவர்கள் வருவார்கள்? செத்தவர்கள் என்று முடிவு கட்டிவிடுவார்களா, தேடுவார்களா?

"தேடணும்னுதான் சட்டம்," என்றாள் இரினா. "தேடலைன்னா ஏன் தேடலைன்னு எழுத்தில் பதில் சொல்லணும்."

தர்ஷினி உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னிடம் சொன்னாள்.

"அம்மான்ர தம்பியாரை ஆமி கூட்டிக்கொண்டு போனது நான் பிறக்கவும் முந்தி. பெரியம்மா இண்டைக்கும் படத்தை வைச்சுக்கொண்டு ரோட்டுக்கரையில போராட்டத்தில இருக்கிறா. ஒருத்தரும் ஒரு பதில் எழுதிக் குடுக்கேல்ல." இரினாவின் கையிலிருந்த பையை வாங்கி வைத்து, "போகச் சொல்லுங்கோ. பிள்ளையை நாங்கள் பாப்பம்," என்றாள்.

அடுத்த நாளே பள்ளிக்கும் டாக்டருக்கும் வேண்டிய ஃபோல்மாக்டை, அதாவது அம்மா இல்லாதபோது எங்களைக் கையெழுத்துப் போட அனுமதிக்கும் பத்திரத்தை, அவளே தயார் செய்தாள்.

நானும் இரினாவும் வெள்ளைப் பலகையில் பிளான் போட்டோம். ஆபீசில் ஒரு ரிலீசுக்கு எப்படிப் போடுவோமோ அப்படி. பயணம், பதவியேற்பு, ஓட்டு, ராஜினாமா, திரும்பி வருதல். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பு, ஒவ்வொன்றுக்கும் மாற்று வழி. ஏதாவது தவறாகப் போனால் என்ன என்று கேட்டதற்கு இரினா தோளைக் குலுக்கினாள். "ரோல்பேக். பழைய நிலைக்குத் திரும்பிடலாம்."

உள்ளே போவதற்கான விதி ஒவ்வொன்றையும் படித்திருந்தாள். வெளியே வருவதற்குக் கடிதம் கொடுத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள். எங்கள் தொழிலில் அப்படித்தான். நோட்டீஸ் கொடுத்தால் முடிந்தது. நாடாளுமன்றத்தையும் ஒரு கம்பெனியாக நினைக்க எங்களைப் போன்றவர்களால்தான் முடியும்.

இரண்டு கைகளாலும்

பதவியேற்ற அன்று ஒரு படம் அனுப்பினாள். யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு. தோள் பெரிதாக இருந்தது. சோஃபியா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அம்மாவின் காதில் எந்தத் தோடு என்று பார்த்தாள்.

முதல் சில நாள் இரினா சுற்றுலாப் பயணி மாதிரிதான் எழுதினாள். அங்கே ஓட்டுப் போட ஒரு கையால் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் ஆதரவோ எதிர்ப்போ அழுத்த வேண்டுமாம். முன்பெல்லாம் வராதவர்களின் கார்டையும் பக்கத்து இருக்கைக்காரரே போட்டு அழுத்திவிடுவாராம், ஒருவர் வரிசை முழுக்க ஓடி ஓடி. அதைத் தடுக்க இந்த ஏற்பாடு. டெஸ்டராக எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு நாள் ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மசோதா நிறைவேறியது. மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து அவள் அனுப்பிய ஒலிப்பதிவில் கைதட்டலும், யாரோ ஒரு பெண் விசும்புவதும் கேட்டன. மறுநாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள்.

அன்று சாயந்திரம் வீடியோவில் அவள் முகத்தைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. கடிதம் கொடுத்தால் போதாதாம். சபை ஓட்டுப் போட்டு விடுவிக்க வேண்டும். அதுவரை அவள் எம்.பி. போர்க்காலத்தில் எம்.பி.க்கள் அலுவல் பயணம் தவிர நாட்டை விட்டு வெளியேற முடியாது. பதவி போனால் மற்றப் பெண்களைப் போல அவளும் எல்லை தாண்டலாம். பதவி இருக்கும்வரை முடியாது.

"அப்போ விடச் சொல்லு," என்றேன்.

"சபையில ஆளே போதல, உமா. எனக்குப் பின்னால பட்டியல்லயும் பேரு இல்ல. யாரு விடுவாங்க?"

தர்ஷினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "படிச்ச ரெண்டு பேர் போர்டு எல்லாம் போட்டுப் பிளான் பண்ணினியள். உள்ளுக்க போற வாசலை மட்டும் பாத்திட்டு விட்டிட்டியள் போல."

அவளுடைய ராஜினாமா ஒவ்வொரு கூட்டத்திலும் நிகழ்ச்சி நிரலில் ஏறும், பிறகு தள்ளிப்போகும். சில வாரங்கள் வசந்தகாலம் ஆகிவிட்டது. சோஃபியா எங்களிடம் தமிழ் பொறுக்க ஆரம்பித்தாள். வீட்டுப்பாடம் செய்யச் சொன்னால் தர்ஷினியைப் போலவே கண்ணை உருட்டி "ஏலாது" என்பாள். போனில் அதைக் கேட்டு நாமக்கல்லில் அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள்.

அம்மாவோடு பேசும்போது சோஃபியா சிரிப்பதில்லை. "எப்போ?" என்று கேட்பாள். "அடுத்த கூட்டத்தில்," என்பாள் இரினா.

அந்த மதியம்

"இதுதான்," என்றாள் சோஃபியா.

சபாநாயகர் எதையோ படித்தார். அவளுடைய அம்மாவின் முழுப் பெயர் எனக்கும் கேட்டது. நேரலை விட்டவர் கேமராவைத் திருப்பி, சுவரிலிருந்த பெரிய பலகையைக் காட்டினார். விளக்குகள் எரிந்தன. எண்கள் ஓடி நின்றன. சபாநாயகர் ஒரு சொல் சொன்னார், தலையைக் குனிந்தார், அடுத்த தாளை எடுத்தார்.

சோஃபியா மொழிபெயர்க்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தர்ஷினி எழுந்து அடுப்பை அணைத்தாள். எண்களை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். தேவையான எண்ணிக்கைக்குக் கிட்டக்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் இரினா அழைத்தாள். ஆறுதல் சொல்ல வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் முயற்சி செய்யலாம் என்று ஆரம்பித்தேன். அவள் இடைமறித்தாள்.

"உமா, நான் ஆதரவா அழுத்தல."

புரியவில்லை என்றேன்.

"என் ராஜினாமாவுக்கு நானே ஓட்டுப் போடல. என் ஒரு ஓட்டால எதுவும் மாறியிருக்காது. ஆனாலும் உன்கிட்ட சொல்லாம இருக்க முடியாது."

மடிக்கணினியில் மீட்டிங் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டார்கள். மடிக்கணினியை மூடினேன்.

அன்று காலை ஒரு பெண் அவள் அலுவலகத்துக்கு வந்தாளாம். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே காணாமல் போன மகனுடைய பல் தேய்க்கும் பிரஷ். புதுச் சட்டப்படி டி.என்.ஏ. மாதிரி கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டுப் பாதி நாட்டைக் கடந்து வந்திருக்கிறாள். பதிவேடு இன்னும் தயாராகவில்லை; அதன் அமைப்பு புரிந்த ஒரே உறுப்பினர் இரினா. நீங்கள் இன்று போகிறீர்களாமே, இதை யாரிடம் கொடுக்க, என்று அந்தப் பெண் கேட்டாளாம்.

"எனக்கு ஒரு பேரும் தோணல," என்றாள் இரினா. "அவ உறையை மேசையில வெச்சிட்டு, கையெடுக்காமலே நின்னா."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எதிரில் அவள் மகள் உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் ஆங்கிலம் முழுக்க அவளுக்குப் புரியும் என்பது அப்போதுதான் உறைத்தது.

சோஃபியா கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். தன் மொழியில் பேசினாள். கத்தவில்லை. ஒரு கேள்வி கேட்டாள், பதிலை நீண்ட நேரம் கேட்டாள், ஒரு வரி சொன்னாள், வைத்துவிட்டாள்.

"என்னடா கேட்டே?" என்றேன்.

"எத்தனை பேரைக் காணோம்னு கேட்டேன். அம்மா சொன்னா." போனைச் சர்க்கரை டப்பா பக்கத்தில் திரும்ப வைத்தாள். "அப்படின்னா கோடை லீவுக்குள்ள முடியாதுன்னு சொன்னேன்."

ஜாக்கெட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, ஜெர்மனில், ஒரு பெரிய மனுஷி வீட்டு உரிமையாளரிடம் பேசுவதுபோல ஒரு கோரிக்கை வைத்தாள். ஹாலில் சோஃபா மேல் படுத்தது சில வாரங்களுக்கு என்பதால் சரி. இனி அப்படி முடியாது. அவளுக்குக் கதவு உள்ள அறை வேண்டும்.

என் அறைதான் சிறியது. அதைக் காலி செய்தோம். என் மேசையை ஹாலுக்கு இழுத்தோம், மானிட்டர்களை வைத்தோம், கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டோம். தர்ஷினி திரைச்சீலையை மாற்றினாள். சோஃபியா தன் துணிகளைத் தானே மடித்து அலமாரியில் அடுக்கினாள். வெளியே வெளிச்சம் இன்னும் நன்றாக இருந்தது. கீழே பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

எல்லாம் முடிந்ததும் நன்றி என்றாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள், சாவி திரும்பியது.

அதற்குப் பிறகுதான் அழுகைச் சத்தம் கேட்டது. அத்தனை மாதங்களில் நாங்கள் கேட்ட முதல் அழுகை. தட்டுவதற்காக எழுந்தேன். தர்ஷினி என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"விடுங்கோ அக்கா," என்றாள்.